கால் அறியும் மலைநாடு

ஒரு நாட்டைக் கண்டேன் என்று கூறுவோர் பலர். எவ்வாறு கண்டீர் என வினவினால், புகைவண்டியின் பலகணி வழியே கண்டோம் என்பார் சிலர். மோட்டார் வண்டியில் ஒரே பகலில் நூற்றைம்பது மைல் சுற்றினோம் என்பார் சிலர். உயர்ந்ததோர் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடித்து மீண்டோம் என்பார் பலர். இவர்கள் கண்டது பொய் என்று யாம் கூறவில்லை. ஆயினும் கண்ணுக்கு எட்டுவது வேறு, காலுக்கு எட்டுவது வேறு. மலைநாட்டைப் பொறுத்தவரையில் அதனைக் காலால் அளந்தவனே அறிந்தவன் என்பது எமது துணிபு. ஏனெனில், நாம் இயற்கையழகு என்று கொண்டாடுவதிற் பெரும்பகுதி மனிதர் கைகளின் உழைப்பாகும். அவ்வுழைப்பின் அடையாளங்கள் விரைந்து செல்வோன் கண்ணிற் படுவதில்லை. இக்கருத்தைப் பிரெஞ்சு தேசத்தின் தென்பாகத்தில் உள்ள செவேன் என்னும் மலைநாட்டைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

பிரெஞ்சு தேசத்தின் நடுவே பரந்து கிடக்கும் பழைய பெருமேட்டு நிலத்தின் தென்கிழக்கு விளிம்பே செவேன் ஆகும். ஆல்ப்ஸ் மலையிற் காணப்படும் பனிமுடிகள் இங்கில்லை. இந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய லோசேர் 1699 மீட்டர் உயரமே உடையது. ஆல்ப்ஸ் மலையின் தலைச்சிகரமாகிய மோன் பிளானின் உயரத்தில் மூன்றிலொரு பங்கைச் சற்றே மிஞ்சும். உயரத்தால் மயக்குதற்கு இங்கு ஒன்றுமில்லை. ஆதலின் இந்நாட்டின் சிறப்பு யாது என்பதை அறிய விரும்புவோன் இறங்கி நடக்க வேண்டியவனாகின்றான்.

அவ்வாறு நடந்தோருள் பெயர் பெற்றவர் ஸ்காட்லாந்து தேசத்து எழுத்தாளராகிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள், தமது இருபத்தேழாம் வயதில், மொதெஸ்தீன் என்னும் பெயருடைய சிறு பெண்கழுதை ஒன்றின்மேல் மூட்டையை ஏற்றி, ல மொனஸ்தியே என்னும் ஊரினின்று தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பன்னிரண்டு நாட்களில் ஏறக்குறைய நூற்றிருபது மைல் நடந்து, அக்டோபர் 3-ஆம் நாள் சேன் ழான் து கார் என்னும் ஊரை அடைந்தார். கழுதையின் நடை அவருக்கு முதலிற் பெருந்தொல்லையாயிருந்தது. மனிதன் இயல்பாக நடக்கும் வேகத்தினும் அது மெதுவாக நடந்தது. வழியோரத்துப் புல்லையெல்லாம் மேய்ந்தது. ஆயின் அம்மந்த நடையே அவருக்கு வாய்த்த ஆசிரியன் எனலாம். வழியில் எதிர்ப்பட்ட உழவனோடும், விடுதிக்காரியோடும், துறவியோடும் நின்று பேச அவருக்குக் காலம் கிடைத்தது. மறு ஆண்டில் அவர் வெளியிட்ட பிரயாண நூல் இன்றளவும் படிக்கப்படுவதற்குக் காரணம், அதில் மலை மட்டுமன்றி மலைமக்களும் இருப்பதே. அவர் சென்ற வழி இன்று வெள்ளையும் சிவப்புமாகிய கோடுகளால் அடையாளமிடப்பட்ட நெடுநடைப் பாதைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. இத்தகைய பாதைகளைத் தேசமெங்கும் வகுக்கும் முயற்சி 1947-ஆம் ஆண்டிற் குழுவாக உருப்பெற்றது. ஊதியமின்றி உழைக்கும் அன்பர்களே மரத்திலும் கல்லிலும் அக்கோடுகளைத் தீட்டிப் புதுப்பித்து வருகின்றனர்.

இனி அந்நாட்டின் அமைப்பைக் காண்போம். செவேன் மூன்று கற்களால் ஆகிய நாடு. வடக்கே லோசேர் மலை கருங்கல். அங்கு உருண்டு திரண்ட பாறைகள் யானைக் கூட்டம் போலப் புல்வெளியிற் கிடக்கின்றன. தெற்கேயுள்ள பள்ளத்தாக்குகள் ஏடு ஏடாகப் பிளவுறும் ஷிஸ்ட் என்னும் தகட்டுக்கல். அங்கு மலைகள் கத்தியின் முதுகு போல் ஒடுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து செல்கின்றன. மேற்கே கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள். மழைநீர் அங்கு நிலத்தின்மேல் தங்காது உள்ளே புகுந்து மறைகின்றது. நடப்பவன் தன் அடியின் கீழ்க் கல் மாறுவதை உணர்கின்றான். நிமிர்ந்து பார்க்கும்போது வீடுகளும் உடன் மாறியிருக்கக் காண்கின்றான். கருங்கல் நிலத்தில் பருத்த கற்களாலாகிய தாழ்ந்த வீடுகள். தகட்டுக்கல் நிலத்தில் சுவரும் கூரையும் ஒருங்கே தகட்டுக்கல். மரம் அரிதாகிய சுண்ணாம்பு மேட்டில் உத்திரமின்றிக் கல்லையே வளைத்துக் கட்டிய வளைவுக் கூடங்கள். ஒவ்வொரு வீடும் தான் நிற்கும் நிலத்திலிருந்தே எழுந்தது. நிலத்தைப் பற்றிப் பேசிய நம் பண்டை இலக்கண நூலார் மண்ணோடு நில்லாது, அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், தொழில் ஆகியவற்றையும் உடன் வைத்து எண்ணினர். அவ்வெண்ணம் எத்துணை நுட்பமானது என்பதற்குச் செவேன் நாடு ஒரு சான்றாகும்.

இந்நாட்டிற்கு மழையே தாயும் பகையும் ஆகும். இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலினின்று எழும் வெப்பமான ஈரக்காற்று இம்மலைச் சுவரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, ஓரிரு நாட்களிற் பெருமழையாகக் கொட்டுகின்றது. செங்குத்தான சரிவுகளில் மண் நிற்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு அம்மக்கள் கண்ட விடையே படித்தட்டுகள். மலைச்சரிவை அடியினின்று முடிவரை படிகளாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சாந்தின்றிக் கல்மேற் கல் அடுக்கிச் சுவரெழுப்பினர். சாந்தில்லாமையின் மழைநீர் கற்களின் இடைவெளியாற் கசிந்து இறங்கும், சுவர் வெடிப்பதில்லை. பெருமழையில் மண் கீழே அடித்துச் செல்லப்படின், உழவர் அதனைக் கூடைகளில் வாரி முதுகிற் சுமந்து மீண்டும் மேலே கொண்டுபோய்க் கொட்டினர். இவ்வேலை ஒரு தலைமுறையோடு முடிந்ததன்று. பாட்டன் சுமந்த மண்ணையே பேரனும் சுமந்தான். எதிர்ச் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்போனுக்கு அப்படிகள் அழகிய கோடுகளாய்த் தோன்றும். அவற்றின் ஓரமாக ஒரு மணி நேரம் ஏறி நடந்தவனோ, மூச்சு வாங்கி நிற்கும்போது, வெறுங்கையோடு ஏறுவதே இத்துணை அரிதாயின் மண்கூடையோடு ஏறியது எங்ஙனம் என்று எண்ணாதிருத்தல் இயலாது. இவ்வெண்ணம் வராதவன் செவேனைக் கண்டவனல்லன். சாந்தின்றிக் கல்லடுக்கும் இக்கலையை, பிரான்ஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொதுச் செல்வமாக யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டிற் பட்டியலிற் சேர்த்தது.

அப்படித்தட்டுகளிலும் அவற்றை அடுத்த சரிவுகளிலும் அவர்கள் வளர்த்த தலைமையான மரம் செஸ்ட்நட் என்னும் கொட்டை மரமாகும். கோதுமை நன்கு விளையாத இச்சரிவுகளில் அதுவே ஏழையின் உணவு. ஆதலின் அதனை அப்பமரம் என்றே அவர்கள் அழைத்தனர். இம்மரக் காட்டைக் காண்போர் இயற்கையான வனமென்று எண்ணுவர். உண்மையில் அஃது ஒட்டுக் கட்டி, கிளை கழித்து, அடிநிலத்தைத் துப்புரவாக்கி வளர்த்த தோப்பேயாம். கொட்டைகளை உலர்த்துதற்கென்று சிறு வீடுகள் தனியே கட்டப்பட்டன. கீழறையிற் புகை மிக எழும்பும் மெல்லிய நெருப்பு. மேலே சட்டங்களின்மீது பரப்பிய கொட்டைகள். பல வாரங்கள் அந்நெருப்பு அணையாமற் காக்கப்படும். உலர்ந்த கொட்டையைக் குளிர்காலம் முழுவதும் கஞ்சியாகக் காய்ச்சி உண்டனர். மரம் பெட்டிக்கும் உத்திரத்துக்கும் ஆயிற்று. இலை ஆட்டுத் தொழுவத்துக்கு ஆயிற்று. போன் த மொன்வேர் என்னும் ஊரைக் கடந்தபின் ஸ்டீவன்ஸன் இத்தகைய மரங்களின் இடையே ஒரு குறுகிய படித்தட்டிற் படுத்து ஓரிரவைக் கழித்தார். அவருக்குப் படுக்கையாக உதவிய அச்சமதளமும் யாரோ பெயரறியா உழவன் அடுக்கிய கல்லே.

1709-ஆம் ஆண்டின் கொடும்பனியில் மரங்கள் பல பட்டுப்போயின. அதன்பின் முசுக்கட்டை மரம் மிகுதியாக நடப்பட்டுப் பட்டுத்தொழில் பெருகிற்று. பட்டுப்புழுவின் முட்டைகளை வெதுவெதுப்பாக வைத்தற்பொருட்டுப் பெண்டிர் தம் ஆடையினுள் உடலோடு சேர்த்து வைத்துக் காத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் கொடிய நோயொன்று புழுக்களை அழிக்கவே, 1865-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் அலேஸ் நகருக்கு அழைக்கப்பட்டார். அதற்குமுன் பட்டுப்புழுவைக் கையாலும் தொட்டறியாத அவர், சில ஆண்டுகள் அங்கு ஆராய்ந்து, தாய்ப்பூச்சியைப் பூதக்கண்ணாடியிற் சோதித்து நோயற்றதன் முட்டைகளையே கொள்ளும் முறையை வகுத்தார். புழுக்கள் பிழைத்தன, ஆயின் தொழில் பிழைக்கவில்லை. கீழ்நாட்டினின்று மலிவாக வந்த பட்டும், பின்னர் வந்த செயற்கை இழையும் அதனை வீழ்த்தின. சேன் ழான் து கார் நகரின் கடைசிப் பட்டு நூற்பாலை 1960-களில் மூடப்பட்டு, இன்று அக்கட்டடம் பொருட்காட்சிச் சாலையாக உள்ளது. மலைச்சரிவிற் காக்கப்படாது நிற்கும் முதிய முசுக்கட்டை மரமொன்றைக் காணும் நடையாளன், ஒரு குடியின் வாழ்வும் தாழ்வும் அதில் எழுதப்பட்டிருக்கக் காண்பான்.

இம்மலைகளின் மடிப்புகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1598-ஆம் ஆண்டின் நான்த் கட்டளையாற் பிரெஞ்சுப் புரோட்டஸ்டண்டுகளுக்கு அளிக்கப்பட்ட உரிமையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685-ஆம் ஆண்டில் நீக்கினான். செவேன் மக்களிற் பலர் மறைவாக மலைகளிற் கூடி வழிபட்டனர். 1702-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள் இரவில், போன் த மொன்வேரில் அடைத்து வைக்கப்பட்டிருந்த தம்மவரை மீட்க வந்த கூட்டம், அவர்களைச் சிறைவைத்த குருவாகிய ஷைலா என்பாரைக் கொன்றது. அதுமுதற் கமிஸார் எனப்பட்ட அம்மலைக் குடியானவர்க்கும் அரச படைக்கும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கடும்போர் நிகழ்ந்தது. கொடுமை இரு திறத்தும் இருந்தது. படையும் பீரங்கியும் செல்லும்பொருட்டு மலைமுகடுகளில் அரசன் சாலைகள் வெட்டுவிக்கப்பட்டன. 1703-ஆம் ஆண்டில் நானூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் அழிக்கப்பட்டன. ஆயினும் ஒற்றையடிப் பாதைகளை அறிந்த மக்களைச் சாலைகளால் முற்றும் அடக்க முடியவில்லை. அவர்களுக்குக் குடியுரிமையை மீண்டும் அளித்த கட்டளை 1787-ஆம் ஆண்டிலேதான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் யூதரும் பிறருமாகிய ஓடி வந்தோர் பலருக்கு இதே பள்ளத்தாக்குகளின் குடிகள் அடைக்கலம் தந்தனர். துன்பத்தை அறிந்த மலை, துன்புற்றோர்க்குக் கதவு திறந்தது.

லோசேர் மலையின் மேற்பரப்போ முற்றும் வேறான உலகம். மரமற்ற பரந்த புல்வெளி. அதனூடே ஆட்டு மந்தைகள் நூற்றாண்டுகளாக நடந்து தேய்த்த அகன்ற தடங்கள். கோடை தொடங்கும் ஜூன் மாதத்திற் கீழ்ச்சமவெளியின் புல் காயும்போது மந்தைகள் இவ்வழியே மேலே வந்து, பனிக்காலத்திற்கு முன் கீழிறங்கும். இன்று பல மந்தைகள் லாரிகளில் ஏற்றப்படுகின்றன. சில இன்னமும் மணியோசையோடு நடந்தே வருகின்றன. குளிர்காலத்திற் பனிப்புயல் எழுந்தால் இப்புல்வெளியில் ஓரடி முன்னும் தெரியாது. அதனாலேயே வழிநெடுகக் கருங்கற் கம்பங்கள் நாட்டப்பட்டன. சிற்றூர்களிற் புயல்மணி என்னும் மணிக்கூண்டுகள் கட்டப்பட்டன. புயல் வீசும்போது ஊரார் மணியை இடைவிடாது அடிப்பர். வழிதப்பியவன் அவ்வோசையைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைப்பான். தாம் பெயரும் அறியாத ஒருவன் வெளியே நிற்கக்கூடும் என்றெண்ணி இரவெல்லாம் கயிறிழுத்த அம்மக்களினும் உயர்ந்த நாகரிகம் உடையார் யாவர்?

மக்கள் கைகள் மலையை வளர்த்தன என்றோம். அக்கைகளே அதனைக் கெடுத்ததும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தெற்கேயுள்ள எகுவால் மலை 1567 மீட்டர் உயரமுடையது. விறகுக்கும் கரிக்கும் மரங்களை வெட்டியதாலும், மந்தைகளை அளவின்றி மேயவிட்டதாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மொட்டையாகி, மழைதோறும் மண்ணை இழந்தது. ஜார்ஜ் ஃபாப்ர் என்னும் காட்டிலாகா அதிகாரி 1875-ஆம் ஆண்டு முதல் அதனை மீண்டும் காடாக்கப் பாடுபட்டார்; மேய்ச்சலை இழந்தோரின் எதிர்ப்பும் அவருக்கு மிகுதியாயிருந்தது. தாவர நூல் வல்லாராகிய ஷார்ல் ஃப்ளாவோ அவருக்குத் துணை நின்றார். உச்சியில் 1894-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட வானிலை ஆராய்ச்சிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. பருவநிலை மாற்றத்தை மக்களுக்கு விளக்கும் நிலையமொன்று 2023-ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்டது. இன்று அம்மலையில் பீச் மரங்களின் நிழலில் நடப்போர் அதனை ஆதிவனமென மயங்குதல் கூடும். அந்நிழலும் மனிதர் நட்டதே.

இனி நமது கருத்திற்கு வருவோம். இந்நாட்டில் இன்று குறைந்து வருவது அழகன்று, ஆட்கள். செவேனின் பெரும்பகுதியைக் கொண்ட லோசேர் மாவட்டத்தில் 1851-ஆம் ஆண்டில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இன்று எண்பதாயிரவர்க்கும் குறைவு. பிரான்ஸ் தேசத்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் இதுவே. சுரங்கங்களும் ஆலைகளும் அழைத்தன, போர்கள் இளைஞரை விழுங்கின, பட்டு ஒழிந்தது, செஸ்ட்நட் மரங்களை நோய் பற்றியது. காக்கும் கையின்றிப் படித்தட்டுகள் இடிகின்றன. 1970-ஆம் ஆண்டில் இந்நாடு தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. இவ்வேற்பின் காரணம் நோக்கத்தக்கது: வெறும் காட்சிக்காக அன்று, ஆடு மேய்த்தும் நிலம் திருத்தியும் மக்கள் உருவாக்கிய நிலம் என்பதற்காகவே அப்பெருமை வழங்கப்பட்டது.

இங்கே இரு திறத்தார் மறுப்புரைப்பர். மக்கள் போனால் போகட்டும், காடு தானே திரும்பும் என்பார் ஒரு திறத்தார். காடு திரும்புவது உண்மை. எகுவால் மலைக்குக் காட்டினால் வந்த நன்மையையும் மறுக்கவில்லை. ஆயின் கைவிட்ட படித்தட்டில் முதலில் வருவது காடன்று, புதர். சுவர் சரியும், மண் மழையோடு போகும், அடர்ந்த புதரில் கோடைத் தீ எளிதிற் பரவும், திறந்த புல்வெளியில் வாழும் பூவும் பறவையும் இடமிழக்கும். பிரயாணிகளின் பணம் வந்தாற் போதும், ஊர் பிழைக்கும் என்பார் மற்றொரு திறத்தார். கோடையில் இரு மாதம் திறந்து பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு ஊராகாது. பிள்ளைகள் இல்லாத இடத்திற் பள்ளிக்கூடம் நில்லாது. பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் இளங்குடும்பம் தங்காது. காட்சியை விற்றே பிழைக்கும் ஊர், நாளடைவில் அக்காட்சியையும் இழக்கும்.

ஆதலின் மலையைக் காக்க விரும்புவோர் மலையில் வாழ்வோரின் தொழிலைக் காத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. இது நடவாத காரியமன்று. படித்தட்டுகளில் விளையும் செவேன் இனிப்பு வெங்காயம் 2003-ஆம் ஆண்டிற் பிறப்பிடப் பெயருரிமை பெற்றது. அதற்கு நல்விலை கிடைத்தமையால் இடிந்த சுவர்கள் சில மீண்டும் எழுந்தன. பெலார்தோன் என்னும் வெள்ளாட்டுப் பாலடையும் அவ்வாறே பல குடும்பங்களைத் தாங்குகின்றது. ஓநாய் மீண்டும் வந்தமையால் இடையர்க்கும் விலங்குகளைக் காப்போர்க்கும் இடையே எழுந்துள்ள பூசல் எளிதில் தீராது. ஆயினும் இரவில் மந்தையோடு விழித்திருப்பவனைக் கேளாது நகரத்தார் மட்டும் தீர்ப்பளிப்பது முறையன்று. நடந்து செல்வோனும் இதிற் பங்குடையவன். அவன் விரைந்து போகாமல் இரவு ஊரிலே தங்குகின்றான். அவ்வூர் விளைத்ததை உண்கின்றான். வாயிற்கதவைத் திறந்தவாறே சாத்திச் செல்கின்றான். சுவரின் கல்லைப் பெயர்ப்பதில்லை. அவன் தரும் பொருள் சிறிது. அவன் கொண்டு செல்லும் அறிவோ பெரிது.

மாணவ நண்பர்களே, பூகோள நூலில் மலையின் உயரத்தை மனப்பாடம் செய்கின்றோம். சரித்திர நூலில் ஆண்டுகளை மனப்பாடம் செய்கின்றோம். அவ்விரு நூலும் ஒன்றாய்க் கூடும் இடம் நடைபாதையாகும். ஒரு நாட்டின் எழிலைப் புகழுமுன் அதனை எழிலாக்கியவர் யாவர், அவர் இன்று எவ்வாறு உண்டு உடுத்து வாழ்கின்றனர் என்று கேட்கப் பழகுங்கள். அக்கேள்விக்கு விடை பெற, அவ்வூரான் உங்களோடு பேசக்கூடிய வேகத்தில் நடந்து செல்லுங்கள்.